சுவரில் ஓட்டையா? அடைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

தீபாவளி நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும். பாயும் பெட்டியும் வெளியே வரும். பெயிண்ட் டின் வாங்கப் பட்டணத்துக்கு ஆள் போகும். வருஷம் முழுக்கக் கண்ணில் படாத ஓட்டை, விரிசல், கறை எல்லாம் அப்போதுதான் கண்ணை உறுத்தும். "ஒரு ஓட்டைதானே? சிமெண்டைக் குழைச்சு அப்பிட்டு மேல பெயிண்ட் அடிச்சாப் போச்சு" என்று வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுவார். பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். தாய்மார்கள் துடைப்பத்தை எடுத்துக் கூட்டித் தள்ளுவார்கள்.

நல்ல வேலைதான். ஆனால் சுவரைப் பழுது பார்ப்பது உடல்நலத்தோடு சம்பந்தப்பட்ட வேலை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உடைந்த சுவர் வீட்டுக்கு அழகு குறைவு மட்டுமில்லை, நோய்க்கும் வழி. தவறாகப் பழுது பார்த்த சுவரோ சில சமயம் உடைந்த சுவரைவிட மோசமானது. ஆகவே ஓட்டையை அடைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். முதல் கேள்வி: இந்தச் சுவர் எதனால் ஆனது? இரண்டாவது: இது ஏன் கெட்டது? இந்த இரண்டையும் கேட்காமல் கையில் சுத்தியலை எடுக்காதீர்கள்.

உடைந்த சுவரால் என்ன கெடுதல்?

ஓட்டை வழியாக முதலில் வருவது எலியும் கரப்பானும். எலியின் சிறுநீர் பட்ட நீரும் ஈர மண்ணும் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். கரப்பானின் கழிவும் செதிலும் தூசாகிப் பறந்து, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

அடுத்தது ஈரம். ஈரம் நின்ற இடத்தில் பூஞ்சணம் பூக்கும். சுவரில் கறுப்பாகவும் பச்சையாகவும் புள்ளி புள்ளியாகப் படர்வது அதுதான். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துகளைக் காற்றில் விடுகிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா முதலியவை அதிகம் வருகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலில் சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, தீ. லயத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு வீட்டுச் சமையல்கட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவ, நடுச்சுவரிலும் கூரைக்கடியிலும் உள்ள ஓட்டைகள் வழிவிட்டுக் கொடுக்கும்.

ஆகவே ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். எப்படி அடைப்பது என்பதே கேள்வி.

முதல் கேள்வி: சுவர் எதனால் ஆனது?

நம் வீடுகளில் கல் சுவரும் பலகைச் சுவரும் உங்களுக்குத் தெரிந்தவை. குழப்பம் வருவது தட்டி போல அடித்திருக்கும் தகடுகளில்தான். தடுப்புச் சுவராகவும் உட்கூரையாகவும், அதாவது சீலிங்காகவும், இரண்டு விதமான தகடுகளைப் பெரும்பாலும் பார்க்கிறோம்.

ஒன்று ஜிப்சம் பலகை. பிளாஸ்டர் போர்டு என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். நடுவே சுண்ணக்கட்டி போன்ற வெள்ளை மாவு, இரண்டு பக்கமும் தடித்த காகிதம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். உடைந்த ஓரத்தில் வெள்ளை மாவு உதிரும், காகிதம் கிழிந்து தொங்கும். புதிய வீடுகளின் தடுப்புச் சுவர்களிலும் சீலிங்கிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

ஜிப்சம் என்ற கனிமத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் கல்லோடு கல்லாகக் கட்டுண்டு கிடக்கிறது. தீப்பிடித்தால் முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வெளியேற வேண்டும். அதுவரை சூடு மறுபக்கம் எளிதில் போகாது. தீயைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும் நல்ல குணம் இதற்கு உண்டு. ஆனால் வெளியிலிருந்து வரும் தண்ணீர் இதற்குப் பரம எதிரி. மழைநீர் ஊறினால் மாவு இளகும், பலகை தொங்கும், காகிதத்தைத் தின்று பூஞ்சணம் வளரும்.

மற்றொன்று சிமெண்டுத் தகடு. சாம்பல் நிறம், கெட்டியானது, தட்டினால் கணீரென்று கேட்கும், வளைக்கப் பார்த்தால் படீரென்று உடையும். பழைய வீடுகளில் இந்தத் தகடுகளின் இணைப்பு தெரியாமலிருக்க மேலே மெல்லிய மரச்சட்டம் அடித்திருப்பார்கள். கூரையில் நெளி நெளியாகப் போட்டிருப்பதும் இந்த வகையே. பழைய சிமெண்டுத் தகடுகள் பலவற்றில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். கல்நார் என்று தமிழில் சொல்வார்கள்.

பிற்காலத்தில் கல்நார் கலக்காமல் மர நாரைக் கலந்து செய்த தகடுகளும் வந்தன. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் தவிர உறுதியாகச் சொல்ல முடியாது. "எனக்குப் பார்த்த உடனே தெரியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய வீடு, சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு என்றால் அதைக் கல்நார்த் தகடு என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். தெரிந்துகொள்வதற்காக ஒரு மூலையை உடைத்துப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.

கல்நார் என்றால் ஏன் பயம்?

கல்நார் மண்ணிலிருந்து எடுக்கப்படும் ஒரு கனிமம். நூல் போல் பிரியும். தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகளாகப் பிரிந்து காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் அடியாழத்தில் தைத்துக்கொள்ளும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுக்க வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரல் தடித்து மூச்சுத் திணறும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் வரும் கொடிய புற்றுநோய் ஆகியவற்றுக்கு இது காரணம். கல்நாரின் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. சிகரெட்டோ சுருட்டோ பிடிப்பவர் இந்தத் தூசையும் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடும்.

இதில் பெரிய சூழ்ச்சி என்னவென்றால், தூசு போன அன்று ஒன்றும் தெரியாது. தும்மல்கூட வராது. நோய் தலைகாட்டப் பத்து வருஷமும் ஆகலாம், நாற்பது வருஷமும் ஆகலாம். பத்து வயதில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பையனுக்கு ஐம்பது வயதில் மூச்சு முட்டினால், யாருக்கு அந்தத் தீபாவளி நினைவுக்கு வரும்?

கல்நார்த் தொழிலில் கால் வைக்காத பெண்களுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. கணவன்மார் வேலையிலிருந்து போட்டு வந்த உடுப்பை உதறித் துவைத்ததே காரணம். பல நாடுகளில் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "ஐயோ, எங்க வீட்டுக் கூரையே அதுதானே!" என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உடையாமல், உதிராமல், பெயிண்ட் அடித்த நிலையில் இருக்கும் தகடு தூசு கிளப்பாது. அதன் கீழே குடியிருப்பதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. துளை போடுவது, ரம்பத்தால் அறுப்பது, தேய்ப்பது, உடைப்பது ஆகியவைதான் ஆபத்தை உண்டாக்குபவை.

கல்நார்த் தகட்டில் செய்யக் கூடாதவை

ஆணி அடிக்காதீர்கள். சாமி படம் மாட்டவும் வேண்டாம், ஃபேன் பொருத்தவும் வேண்டாம். மாட்டுவதாக இருந்தால் மரச்சட்டத்தில் மாட்டுங்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்ட்டைச் சுரண்டாதீர்கள்.

கூரையிலுள்ள பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். அழுத்தமான தண்ணீர்ப் பம்பால் அடித்துக் கழுவவும் கூடாது. பழைய கூரைத் தகட்டின் மேல் ஏறவே ஏறாதீர்கள். அது ஆள் பாரம் தாங்காது. கூரைத் தகடு உடைந்து விழுந்து உயிரைவிட்டவர்கள் உண்டு.

உடைந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கும் காய்கறிப் பாத்தி ஓரத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். பிள்ளைகள் அதை வைத்து விளையாடவோ தரையில் கோடு கிழிக்கவோ விடாதீர்கள்.

தகடு உடைந்துவிட்டால் என்ன செய்வது? பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஃபேனை நிறுத்துங்கள். துடைப்பத்தைத் தொடாதீர்கள். வீட்டில் உள்ள சாதாரண வேக்குவம் இயந்திரமும் வேண்டாம், அது நுண்ணிய இழைகளைப் பின்பக்கமாக மறுபடியும் காற்றில் ஊதிவிடும். உடைந்த துண்டின் மேல் தண்ணீரை மெல்லத் தெளித்து ஈரமாக்குங்கள். ஈரத்தில் தூசு பறக்காது. பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். அதை எடுத்து அப்புறப்படுத்துவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. கல்நார்த் தூசும் நாரும் அட்டவணையிடப்பட்ட கழிவுகள் என்று மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகள் கூறுகின்றன. குப்பைக் குழியில் வீசுகிற பொருளாக அதை நினைக்கக் கூடாது.

கடையில் வாங்கும் சாதாரணத் துணி முகமூடியும் மருத்துவமனையில் போடும் மெல்லிய முகமூடியும் கல்நார் இழையைத் தடுக்காது. "முகமூடி போட்டுக்கிட்டேன், பரவாயில்லை" என்று துணிந்துவிடாதீர்கள்.

பலகை வீடு என்றால் இன்னொரு எச்சரிக்கை. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்த பெயிண்ட்டைத் தேய்த்தால் ஈயத்தூசு பறக்கும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் போனால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. ஆகவே பழைய பெயிண்ட்டையும் ஈரப்படுத்தித்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை ஈரத்துணியால் துடைத்து ஒரு பையில் கட்டிப் போட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: ஏன் கெட்டது?

உங்கள் சுவர் ஜிப்சம் பலகைதான் என்று தெரிந்துவிட்டது. உடனே பட்டி பூசலாமா? பொறுங்கள். கதவின் கைப்பிடி மோதி ஓட்டை விழுந்ததா, பையன் பந்தால் அடித்தானா, அல்லது தண்ணீர் ஊறிக் கெட்டதா? முதல் இரண்டும் என்றால் கவலை இல்லை, அடைத்துவிடலாம். தண்ணீர் என்றால் முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஒழுக்கை நிறுத்தாமல் சுவரைப் பூசுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம். மேலே அழகாக இருக்கும், உள்ளே சீழ் வைக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று. கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். அடுத்த மழை பெய்ததும் பாருங்கள். கறை கோட்டைத் தாண்டியிருந்தால் கூரையோ பீலியோ ஒழுகுகிறது. மழையே பெய்யாமல் கறை விரிந்தால் குழாயோ குளியலறையோ காரணம். கறை தரையிலிருந்து மேல்நோக்கி ஏறினால் மண் ஈரம் ஏறுகிறது, அல்லது வெளிப்பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள்.

நாமாகவே சரிசெய்யக்கூடியவையும் உண்டு. வெளிச்சுவரை ஒட்டி விறகும் மண்ணும் குவித்து வைக்காதீர்கள். காண் அடைத்திருந்தால் தோண்டி விடுங்கள். பீலியில் கிடக்கும் இலையை எடுத்துவிடுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் அளவு தள்ளி வையுங்கள், காற்றுப் போகட்டும். மழைக்காலத்தில் ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டுச் சன்னலை மூடிவைக்காதீர்கள். ஆனால் கூரை ஒழுக்கு, உடைந்த குழாய் இவையெல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நனைந்த ஜிப்சம் பலகை 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதற்குமேல் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காயவிட்டுப் பயன்படுத்தலாம். மெத்தென்று உள்ளே போனால் அந்தப் பகுதி போனதுதான், வெட்டி எடுக்க வேண்டும். காகிதத்துக்குள் பூஞ்சணம் புகுந்துவிட்டால் மேலே துடைத்துப் பயனில்லை. பூஞ்சணத்தின் மேல் பெயிண்ட் அடிப்பது அதைவிட வீண். சில வாரத்தில் பெயிண்ட்டைத் துளைத்துக்கொண்டு மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

சீலிங் தண்ணீரால் உப்பித் தொங்கினால் அதன் கீழே யாரும் படுக்கவோ நிற்கவோ கூடாது. எட்டடிக்கு நாலடி சீலிங் பலகை காய்ந்த நிலையிலேயே ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். தண்ணீர் ஊறினால் இன்னும் கனம். தூங்குகிற குழந்தையின் மேல் விழுந்தால் என்னவாகும்? தொட்டிலையும் பாயையும் உடனே வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

ஜிப்சம் பலகையைச் சரிசெய்யும் முறை

வேலைக்கு முன்: மெயின் சுவிட்சை அணையுங்கள். சுவருக்குள் மின்கம்பி ஓடும். பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள், வயதானவர்கள் வெளியே இருக்கட்டும். என்-95 என்று குறித்திருக்கும் முகமூடியை மூக்கோடு அழுந்தப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். நாற்காலி மேல் நாற்காலி வைத்து ஏறாதீர்கள். ஆடாத ஏணி, கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள், இரண்டும் வேண்டும்.

ஓட்டைக்குள் எலிப்புழுக்கை இருந்தால் காய்ந்தபடியே கூட்டாதீர்கள். ஒரு பங்கு குளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுக் காகிதத்தால் துடைத்து எடுங்கள். இந்த மருந்தோடு கக்கூசு கழுவும் அமிலத்தையோ வேறு கழுவும் மருந்தையோ கலக்கவே கூடாது. கலந்தால் கிளம்பும் நச்சுப்புகை நெஞ்சைப் பொசுக்கிவிடும்.

ஆணி ஓட்டை: பிதுங்கி நிற்கும் காகிதத்தைக் கத்தியால் சுற்றி நறுக்கிவிட்டு, உள்ளே தள்ளிச் சமமாக்குங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டர் பட்டியைத் தட்டையான தகட்டால் வழித்து நிரப்புங்கள். காய்ந்தால் கொஞ்சம் உள்வாங்கும். மறுபடியும் ஒரு தடவை பூசுங்கள். அவ்வளவுதான்.

கைமுட்டி அளவு ஓட்டை: இதற்குக் காகிதத்தைச் சுருட்டி உள்ளே அடைத்து மேலே பூசுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது நிற்காது. முறை இதுதான்.

1. ஓட்டையைச் சுற்றிச் சதுரமாகக் கோடு போட்டு, உடைந்த ஓரம் போகும்படி வெட்டி எடுங்கள். பூஞ்சணம் இருந்தால் அது தெரிகிற இடத்துக்கு அப்பால் இன்னும் ஓர் அடி சேர்த்து வெட்டுங்கள்.

2. ஓட்டையைவிட நான்கு அங்குலம் நீளமான ஒரு மரச்சட்டத்தை உள்ளே நுழைத்து, நடுவே குறுக்காக வைத்து, பலகைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் படியும்படி பிடியுங்கள். வெளியிலிருந்து திருகாணி போட்டு இறுக்குங்கள்.

3. அதே கனமுள்ள புதுப் பலகையில் சதுரத்தின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கத்தியால் ஒரு பக்கக் காகிதத்தைக் கீறி மடக்கினால் நேராக முறியும், ரம்பம் வேண்டாம், தூசும் குறையும். அந்தத் துண்டை ஓட்டையில் பொருத்தி, உள்ளேயுள்ள மரச்சட்டத்தில் திருகாணியால் பிடியுங்கள். திருகாணித் தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே அமிழ்ந்தால் போதும்.

4. நான்கு பக்க இணைப்பிலும் ஜாயிண்ட் டேப் ஒட்டுங்கள். காகித டேப் என்றால் முதலில் மெல்லிசாகப் பட்டி பூசி அதன் மேல் பதிக்க வேண்டும். வலை டேப் என்றால் அதிலேயே பசை இருக்கும். டேப் இல்லாமல் பூசினால் சில மாதத்தில் அதே இடத்தில் விரிசல் விழும்.

5. பட்டியை மூன்று தடவை, மெல்லிசாகப் பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட அகலமாக இழுத்துவிடுங்கள். ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு வெடிக்கும். டின்னில் குழைத்து விற்கும் பட்டி ஒரு பூச்சுக் காய ஒரு நாள் எடுக்கும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். ஆகவே தீபாவளிக்கு முதல் நாள் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு வாரமாவது முன்பே தொடங்குங்கள்.

6. கடைசியில் மேடுபள்ளத்தைச் சமமாக்க வேண்டும். உப்புத்தாளால் காய்ந்தபடி தேய்த்தால் வீடு முழுக்க மாவு பறக்கும். சில பட்டிகளில் சிலிக்கா என்ற மணல்தூசும் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குப் பகை. ஆகவே ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, வட்டமாக மெல்லத் தேய்த்துச் சமமாக்குங்கள். தூசே கிளம்பாது, காசும் மிச்சம்.

7. முழுவதும் காய்ந்த பிறகு ஒரு கை அடிப்பூச்சு, அதன் மேல் பெயிண்ட்.

பெரிய ஓட்டை: உள்ளே நிற்கும் சட்டங்கள் வரை வெட்டி, புதுத் துண்டை அந்தச் சட்டங்களிலேயே திருக வேண்டும். சட்டங்கள் வழக்கமாக 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தச்சரிடம் விடுவது நல்லது.

ஜிப்சம் பலகையில் சிமெண்டைப் பூசாதீர்கள். அது காகிதத்தில் பிடிக்காது, காய்ந்ததும் பாளமாகப் பெயர்ந்து விழும்.

வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். மிச்சமான பட்டியைக் காணிலோ கழுவும் தொட்டியிலோ கொட்டாதீர்கள், அடைத்துக்கொள்ளும். வேலைக்குப் போட்ட உடுப்பை வீட்டுக்குள் உதறாமல் தனியாக நனைத்துத் துவையுங்கள்.

கல் சுவரிலோ ஓட்டின் மேலோ உள்ள பூஞ்சணத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் போதும். ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி அளவுக்கு மேல் படர்ந்திருந்தால் நீங்களாக முயல வேண்டாம். அங்கே ஒழுக்கு பெரிதாக இருக்கிறது என்று பொருள். நிர்வாகத்தை அழைத்துக் காட்டுங்கள்.

பழுது பார்ப்பது யார் பொறுப்பு?

"சொன்னா யாரு கேக்கிறாங்க? நாமே செஞ்சுக்கிட்டாத்தான் உண்டு" என்று சலித்துக்கொள்கிறோம். ஆனால் தீபகற்ப மலேசியாவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்சத் தரத்துக்காக ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் வந்ததுதான் 446-ஆவது சட்டம். அதன் திருத்தம் 2019-இல் நிறைவேறி, 2020 ஜூன் முதல் நடப்புக்கு வந்தது. முதலாளி கொடுத்துள்ள வீட்டை நல்ல நிலையில் பழுது பார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை என்பது அந்தச் சட்டத்தின் நிலை. ஆகவே ஒழுகும் கூரையையும் உடைந்த கல்நார்த் தகட்டையும் சரிசெய்யச் சொல்வது சலுகை கேட்பதாகாது, உரிமையைக் கேட்பதாகும்.

கேட்கிற முறையில் கேளுங்கள். பிரட்டில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். வீட்டு எண், எந்த அறை, எந்தத் தேதியிலிருந்து ஒழுகுகிறது, வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு இழுப்பு, இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு பிரதியை ஆபீசில் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துச் சங்கப் பிரதிநிதியிடமும் சொல்லுங்கள். ஒரே லயத்தில் பல வீடு ஒழுகினால் சேர்ந்து எழுதுங்கள். அப்படியும் நடவடிக்கை இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

ஒன்று கவனம்: வீடு நிர்வாகத்துடையது. சிறு ஓட்டையை அடைப்பது வேறு, கேட்காமல் சுவரை இடித்து மாற்றுவது வேறு. பெரிய வேலைக்கு முதலில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். நிர்வாகமே ஆளை அனுப்பி வேலை செய்தாலும், "அண்ணே, இந்தத் தகட்டில கல்நார் இருக்கா, பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். அறுக்க வருகிறவரும் நம்மைப் போல் ஒரு தொழிலாளிதான். அவருடைய நெஞ்சும் நெஞ்சுதான்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

வீட்டில் இருக்கும்போது இருமலும் இழுப்பும் வந்து, பாட்டி வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினால் குறைகிறதா? வீட்டு ஈரத்தின் மேல் சந்தேகப்படுங்கள். பிள்ளைக்கு இரவில் மூச்சு விசிலடிக்கிறதா? நெஞ்சு உள்வாங்கித் திணறுகிறதா? திணறல் என்றால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை "தூசு இருமல்" என்று தள்ளிவிடாதீர்கள். சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசநோயாகவும் இருக்கலாம். சுவர் வேலை செய்த ஓரிரு வாரத்தில், எலி நடமாடிய இடத்தைத் தொட்டவருக்குக் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைத்து உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "எங்க வீட்டுச் சுவரு ஈரமா இருக்கு டாக்டர், பூஞ்சணம் பூத்திருக்கு" அல்லது "போன வருஷம் பழைய சிமெண்டுத் தகட்டை அறுத்தேன்" என்று. மருந்துச் சீட்டு எழுதுகிறவருக்கு இந்தச் செய்தி மிகவும் தேவை.

தாய்மார்களே, தோழர்களே! இந்தத் தீபாவளிக்குச் சுவரைச் சரிசெய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடா? தொடாதீர்கள், எழுதிக் கொடுங்கள். காகிதம் ஒட்டிய வெள்ளைப் பலகையா? ஒழுக்கை நிறுத்துங்கள், காயவிடுங்கள், ஈரக்கையால் வேலை செய்யுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பெயிண்ட் அடுத்த வருஷமும் அடிக்கலாம். பிள்ளையின் நுரையீரலுக்கு மறுபூச்சுக் கிடையாது.